வடகோடியிலிருந்து வீடு நோக்கி

நேயர்களே, பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புறப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கே போவது, எந்த மாதத்தில் போவது, எவற்றை எடுத்துச் செல்வது, எந்த மலையை எந்த நேரத்தில் பார்த்தால் அழகு என்றெல்லாம் நூல்கள் நிறையச் சொல்லுகின்றன. திரும்பி வருவதைப் பற்றி அவை ஒரு வரியோடு நின்றுவிடும். ஆனால், பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மைப் போன்றவர்களுக்குத் திரும்புதல் அவ்வளவு எளிய செய்தி அன்று. திரும்புவது என்றால் எங்கே திரும்புவது என்ற கேள்வி நமக்கு எப்போதும் உண்டு. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் பொருள் ஒன்றே. பள்ளி மூடிய மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே செல்லும் ரயிலில் ஏறவேண்டும். பாட்டி வீட்டில் பதினைந்து நாள், மாமா வீட்டில் ஐந்து நாள், குலதெய்வத்தின் கோயிலில் ஒரு நாள் என்று கழித்து, வடகமும் ஊறுகாயும் பொடி வகைகளும் சுமந்துகொண்டு திரும்பவேண்டும். இந்த ஒழுங்கிலிருந்து விலகி, இந்தக் கோடையில் நாங்கள் தில்லியிலிருந்து மேலும் வடக்கே சென்றோம். லடாக்கிலுள்ள லே நகருக்கு விமானத்தில் போய்ச் சில நாள் தங்கி, சாலை வழியாக மணாலிக்கு இறங்கித் தில்லி சேர்ந்தோம். எங்கள் சொந்த ஊர் நெல்லைச் சீமையில் நாங்குநேரியை அடுத்த ஒரு சிற்றூர். எண்பது வயதைக் கடந்த அன்னையார் அங்கே இருக்கிறார். இவ்வாண்டு விடுமுறையை மலைக்குக் கொடுத்துவிட்டோம் என்பதை அவர் அறிவார்; அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் வழி நெடுக எங்களோடு வந்தது.

முதலில் லே நகரைப் பற்றிச் சில சொற்கள். நம் நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் சிகரம் என்று அண்ணாந்து பார்ப்பதற்கும் மேலே அங்கே கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் வாற்கோதுமை வயல்களும் இருக்கின்றன. காற்றில் பிராணவாயுவின் விகிதம் கடற்கரையிலும் மலையிலும் ஒன்றே. நூற்றுக்கு 21 பங்கு. ஆனால் உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆதலால் லேயில் ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாளும் படுத்தும் அமர்ந்தும் பொழுதைக் கழிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனாலேயே. உடம்பு மூச்சை விரைவாக்கிக்கொள்கிறது. பின்னர் இரத்தத்தில் சிவப்பு அணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. புதிய இடத்தில் குடியேறுகிறவனுக்கு அந்த இடத்தின் காற்று பழகச் சில நாள் ஆகும் என்பது மலைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. முதன்முதலாக வேலைக்கென்று தில்லி நிலையத்தில் வந்து இறங்கிய நாள் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும்.

லேயிலிருந்து மணாலி நானூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவு. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் அச்சாலை, கோடையிலும் கூதிர்காலத் தொடக்கத்திலும் மட்டுமே திறந்திருக்கும். அதிகாலையில் புறப்பட்டு, சிந்து நதியின் கரையோடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வந்தோம். உப்ஷி என்ற ஊரில் சாலை சிந்துவை விட்டுப் பிரிந்து மலைமேல் ஏறுகிறது. அங்கிருந்து டங்லங் லா என்னும் கணவாய். 'லா' என்றால் அவர்கள் மொழியில் கணவாய் என்று பொருள். அதன் உயரம் ஏறத்தாழ 5,300 மீட்டர். கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதியளவே அங்கே கிடைக்கும். வண்டியிலிருந்து இறங்கிப் பத்து அடி நடந்தால் ஒரு மாடி ஏறியதுபோல நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கட்டிக்கொண்டு வந்த பிஸ்கட் பொட்டலங்கள் காற்றடைத்த பைகளைப்போல உப்பி நின்றன. அங்கே தண்ணீர் குடித்துவிட்டு நெகிழிப் புட்டியை இறுக மூடி வைத்தோம். அந்தப் புட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

கணவாயைக் கடந்து இறங்கியதும் மோரே சமவெளி. நான்கு புறமும் மலை சூழ்ந்த அந்தப் பரப்பிலிருந்து சாலையை விட்டுச் சற்றே விலகிச் சென்றால் சோ கார் என்னும் உப்பு ஏரி வருகிறது. 'வெள்ளை ஏரி' என்பது அப்பெயரின் பொருள். கரையில் உப்பு படிந்து வெண்மையாகக் கிடக்கிறது. சாங்பா எனப்படும் மேய்ச்சல்குடி மக்கள் முற்காலத்தில் அந்த உப்பை வாரிச் சென்று தானியத்துக்கு மாற்றினார்கள். அதை ஒட்டியே ஒரு நன்னீர் ஏரியும் இருக்கிறது. அங்கேதான் வரித்தலை வாத்துகளைக் கண்டோம். சாம்பல் நிற உடல், வெண்ணிறத் தலை, தலையின் பின்புறம் மை தீட்டினாற்போல இரண்டு கரிய பட்டைகள். ஆனி மாதம் அது. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளே ஆன குஞ்சுகள் தாயின் பின்னே வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன.

நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்தப் பறவை புதியது அன்று. நாங்குநேரிப் பக்கத்திலே கூந்தன்குளம் என்று ஓர் ஊர் உண்டு; நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வூர்க் குளத்துக்கு ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களில் வரித்தலை வாத்துகள் வந்து தங்குகின்றன. லடாக், திபெத்து, மங்கோலியா முதலிய உயர்ந்த நிலங்களில் குஞ்சு பொரித்து வளர்க்கும் இனம் இது. குளிர் மிகுந்ததும் இமயத்தைத் தாண்டி இந்திய நாடெங்கும் பரவுகிறது. தெற்கே வரும் கூட்டங்களுக்குக் கூந்தன்குளம் ஏறக்குறையக் கடைசி நிறுத்தம். காற்று மெலிந்த உயரத்திலும் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் இதன் இரத்தத்துக்கு மிகுதியாக உண்டு என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். நாம் இரண்டு நாள் படுத்துக் கிடந்து பெறும் பழக்கத்தை இது பிறவியிலேயே பெற்றிருக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் போக்குவரவை நம் புலவர் ஒருவர் கவனித்திருக்கிறார். பிசிராந்தையார் பாண்டி நாட்டவர். அவர் நெஞ்சில் வைத்திருந்த நண்பன் கோப்பெருஞ்சோழன். புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் அவர் ஓர் அன்னத்தை அழைத்து, குமரித்துறையில் இரை உண்டு வடமலைக்குத் திரும்புவாயானால் வழியில் உறையூரில் இறங்கு என்று செய்தி சொல்லி அனுப்புகிறார். அந்த அன்னம் இந்த வரித்தலை வாத்தே என்று கருதும் அறிஞரும் உளர். அது எப்படியாயினும் ஒன்று தெளிவு. குமரிமுனைக்கும் இமயத்துக்கும் நடுவே ஆண்டுக்கொருமுறை போய் வரும் உயிர் ஒன்று உண்டு என்பதை அன்றைய தமிழர் அறிந்திருந்தனர். அது வடக்கே போவதைத்தான் வீடு திரும்புதலாகப் புலவர் பாடினார். நாமோ தெற்கே போவதை அப்படிச் சொல்லுகிறோம். சோ கார் கரையில் நின்ற எங்கள் மகள், "இவற்றுக்கு ஊர் எது? இதுவா, கூந்தன்குளமா?" என்று கேட்டாள். குஞ்சு பொரித்த இடமே சொந்த இடம் என்பது பறவை நூலாரின் கணக்கு. கூந்தன்குளத்துக்காரர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, வரும் பறவைகளையெல்லாம் ஊர்ப் பிள்ளைகளாகவே பேணுகிறவர்கள் அவர்கள். கேள்விக்கு நாங்கள் அப்போது விடை சொல்லவில்லை.

அன்று மாலை பாங் என்ற இடத்தில் தங்கினோம். அதன் உயரம் ஏறத்தாழ 4,600 மீட்டர். கோடைக்கென்று அடித்த கூடாரங்களே அங்கே உணவுச்சாலையும் விடுதியும். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 85 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. எனவே திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு கல்லாகவே கிடக்கும். கூடாரத்தை நடத்திய லடாக்கியப் பெண்மணி, நம் வீட்டில் உள்ளது போன்ற பிரஷர் குக்கரைத்தான் அடுப்பில் ஏற்றியிருந்தார். அதன் விசில் கேட்டபோது எங்களில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்தது.

அந்த அடுப்பைச் சுற்றிச் சாலைப் பணியாளர்கள் சிலரும் குளிர்காய்ந்துகொண்டிருந்தனர். எல்லைச் சாலைகள் அமைப்பு 1960-இல் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை இமயத்துச் சாலைகள் அந்த அமைப்பின் பொறுப்பில் இருந்து வருகின்றன. ஆனால் கல்லை உடைத்துத் தாரை ஊற்றுகிற கைகளில் மிகப் பல ஜார்க்கண்டு மாநிலத்துத் தும்கா பகுதியிலிருந்து வருகிறவை. கோடை தொடங்கும்போது வருவார்கள். பனி விழுமுன் திரும்பிவிடுவார்கள். சமவெளியில் பிறந்தவர்கள் இந்த உயரத்தில் மண்வெட்டி பிடிப்பது எத்தகைய உழைப்பு என்பதை, பத்து அடி நடந்து மூச்சு வாங்கிய எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுள் ஒருவர் எங்களைப் பார்த்து, "உங்கள் கர் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். 'கர்' என்றால் வீடு. "தில்லி" என்றோம். அவர் தலையசைத்துவிட்டு, "அது சரி; காவ் எங்கே?" என்று மறுபடியும் கேட்டார். 'காவ்' என்றால் ஊர். கன்னியாகுமரிக்குப் பக்கம் என்றோம். அவருக்குக் கன்னியாகுமரியின் பெயர் தெரிந்திருந்தது. "அப்படியானால் என்னைவிட உங்களுக்குத் தூரம் அதிகம்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குத் தும்காவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஐந்து மாதம் இங்கே, ஏழு மாதம் அங்கே. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். தொலைபேசி எட்டும் இடத்துக்கு வண்டி போகும்போது வாரம் ஒருமுறை அவளோடு பேசுகிறார். "சாலையில் பனி பெய்து மூடிக் கிடப்பதை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் வேண்டாம். பனி விழுந்தால் நான் என் வீட்டில் இருக்கிறேன் என்று பொருள்" என்றார். நாங்கள் உல்லாசத்துக்காக வந்த உயரத்துக்கு அவர் அரிசிக்காக வந்திருந்தார். ஆயினும் இரண்டு கேள்வி கேட்டால்தான் ஒருவனுடைய இடத்தை அறிய முடியும் என்பதை அவர் எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

மறுநாள் இரண்டு கணவாய்களைக் கடந்து, கேட்டா வளைவுகள் எனப்படும் இருபத்தொரு கொண்டையூசித் திருப்பங்களில் இறங்கி, சர்ச்சு என்ற எல்லையைத் தாண்டி இமாசலப் பிரதேசத்துக்குள் நுழைந்தோம். அதற்கு அப்பால் பாராலாச்சா கணவாய், ஏறத்தாழ 4,890 மீட்டர். அதனடியில் சூரஜ் தால் என்னும் சிறிய ஏரி இருக்கிறது. பாகா என்ற ஆறு அங்கே பிறக்கிறது. சந்திரா என்ற மற்றோர் ஆறும் இதே கணவாய்ப் பகுதியில் பிறந்து, வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, கேலாங்குக்குக் கீழே தாண்டி என்ற இடத்தில் பாகாவோடு கூடுகிறது. இரண்டும் சேர்ந்த ஆற்றையே நாம் செனாப் என்கிறோம். ஒரே மலையில் பிறந்து, இரண்டு திசையில் பிரிந்து, நெடுந்தொலைவு சென்று கூடுகிற உறவை நம் குடும்பங்களிலும் காண்கிறோம் அல்லவா?

கேலாங் இருக்கும் பகுதி லாகூல் எனப்படும். இங்கே பிறந்தவர்களுக்கு 'வீடு திரும்புதல்' என்ற சொல்லுக்கு அண்மைக்காலம் வரையில் ஒரு கொடிய பொருள் இருந்தது. மணாலிக்கும் லாகூலுக்கும் நடுவே ரோதாங் கணவாய் நிற்கிறது. அதன் உயரம் 3,978 மீட்டர். ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் பனி அதை மூடிவிடும். கார்த்திகைக்குள் ஊர் வந்து சேராத மகன், அடுத்த கோடையில்தான் தாயைப் பார்க்க முடியும். நோயாளிக்கு வானூர்தி கிடைத்தால் உண்டு. இந்த நிலை 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மாறியது. அன்று அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், 9 கிலோமீட்டர் நீளத்தில், மலையின் வயிற்றைக் குடைந்து செல்லும் அப்பாதை, பல மணி நேரப் பயணத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டது. பயணிகளாகிய நமக்கு அது ஒரு வசதி. லாகூல் மக்களுக்கோ, மாசி மாதத்திலும் வீட்டுக்குப் போகலாம் என்ற உறுதி.

சுரங்கத்தின் வடக்கு வாயிலில் நுழையும்போது மலைகள் பெரும்பாலும் மொட்டையாக இருந்தன. தெற்கு வாயிலில் வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. தேவதாரு மரங்கள் கரும்பச்சையாக நின்றன. பருவமழை மேகத்தை மலை தடுத்து நிறுத்தி ஒரு பக்கமே பெய்யச் செய்கிறது. செங்கோட்டையைத் தாண்டிப் புனலூர்ப் பக்கம் போகிறவர்கள் இந்த மாற்றத்தின் சிறிய வடிவத்தைப் பார்த்திருப்பார்கள். மணாலியில் பெட்டியைத் திறந்து, டங்லங் லாவில் மூடிய தண்ணீர்ப் புட்டியை எடுத்தோம். யாரோ கையால் நசுக்கியதுபோல அது ஒடுங்கிக் கிடந்தது. மேலே அடைத்த மெல்லிய காற்று உள்ளே இருக்க, கீழே உள்ள கனத்த காற்று அதை வெளியிலிருந்து அழுத்திவிட்டது. மூடியைத் திறந்ததும் ஒரு பெருமூச்சோடு பழைய வடிவத்துக்கு வந்தது. மகள் அதை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தாள். அந்த மூச்சு மீண்டும் வரவில்லை.

மணாலியிலிருந்து பியாஸ் நதி நம்மோடு வருகிறது. ரோதாங்கை ஒட்டிப் பிறக்கும் நதி அது. மண்டி நகருக்குச் சற்று முன்னே பண்டோ என்ற இடத்தில் அதற்கு ஓர் அணை உண்டு. 1977-இல் செயற்படத் தொடங்கிய அத்திட்டத்தின்படி, பியாஸின் நீரில் ஒரு பகுதி மலைகளைக் குடைந்த இரண்டு சுரங்கங்களின் வழியே சட்லெஜ் நதிக்குத் திருப்பப்படுகிறது. வழியில் மின்சாரம் தந்து, பின்னர் பக்ரா அணையின் தேக்கத்தில் அந்நீர் சேர்கிறது. தில்லி மாநகரின் குழாய்களில் வரும் நீர் யமுனையிலிருந்தும் கங்கையிலிருந்தும் மட்டும் வருவதன்று. பக்ரா தேக்கத்திலிருந்தும் கால்வாய் வழியாக ஒரு பங்கு வருகிறது. ஆகவே, நாங்கள் இரண்டு நாளைக்கு முன் வேடிக்கை பார்த்த மலைப்பனியின் உறவு எங்கள் சமையலறைக் குழாயில் என்றும் இருந்து வந்திருக்கிறது. காவிரியும் தாமிரபரணியும் எங்கே பிறக்கின்றன என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம், தருவது கடமை. நாள்தோறும் அவர்கள் குடிக்கும் நீர் எங்கே பிறக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தில்லி எல்லைக்குள் நுழையும்போது பொழுது விடியும் நேரம். வெப்பம் அதற்குள்ளாகவே முகத்தில் அறைந்தது. உறங்கிக்கொண்டிருந்த மகள் கண் விழித்து வெளியே பார்த்து, "அப்பாடா, வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்றாள். அவள் தில்லியில் பிறந்தவள். அந்தச் சொல்லில் அவளுக்கு ஓர் ஐயமும் இல்லை.

அடுத்த வீட்டில் பஞ்சாபி மூதாட்டி ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. இரண்டு வாரமாக எங்கள் துளசிக்கு நீர் வார்த்து, தபால்களை எடுத்து வைத்து, நாங்கள் வந்த அன்று காலை ரொட்டியும் பருப்பும் செய்து அனுப்பினார். சாவியை வாங்கச் சென்றபோது அவர் ஒரு பழைய தகரப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டியில் துருவேறிய பெரிய சாவி ஒன்றும் கிடந்தது. 1947-இல் ராவல்பிண்டியில் அவருடைய மாமனார் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி அது. ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று பூட்டினார்களாம். "இது எதையும் திறக்காது. ஆனாலும் சாவியை எறிய மனம் வருமா?" என்றார். நம்மில் எவருக்கும் அத்தகைய கதி நேரவில்லை. நம் ஊர் ரயில் போகும் தூரத்தில் இருக்கிறது. பயணச்சீட்டு கிடைப்பதுதான் சிரமம்.

அன்று இரவு அன்னையாரோடு தொலைபேசியில் பேசினோம். நலமாக வந்து சேர்ந்ததைச் சொன்னோம். "மலையெல்லாம் பாத்தாச்சா? பிள்ளைக்குக் குளிரு ஒத்துக்கிட்டுதா?" என்று கேட்டார். கூந்தன்குளத்து வாத்துகளைக் குஞ்சுகளோடு பார்த்தோம் என்று மகள் சொன்னாள். மறுமுனையில் சற்றே மௌனம். பிறகு, "அப்பம் அதுக மார்கழியில இங்க வந்திரும். நீங்க வீட்டுக்கு எப்பம் வாரீய?" என்றார்.

ஒரே நாளில் ஒரே சொல்லை இருவர் சொல்லக் கேட்டோம். பேத்தி 'வீடு' என்றது தில்லியை. பாட்டி 'வீடு' என்றது நாங்குநேரிப் பக்கத்து ஓட்டு வீட்டை. இருவரில் யார் சொன்னது தவறு? எவரும் தவறாகச் சொல்லவில்லை. 'விடு' என்பதிலிருந்து பிறந்தது வீடு என்று இலக்கணம் அறிந்தோர் சொல்வர். சுமையை விட்டு இறக்கி வைக்கும் இடம் என்று அதற்குப் பொருள் கொண்டால், ஒருவனுக்கு அத்தகைய இடம் இரண்டு இருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இறக்கி வைப்பது மட்டுமே வீடு ஆகிவிடாது. நம்மீது உரிமை கொண்டவர்கள் எங்கே இருக்கிறார்களோ, நாம் வந்து சேரவில்லையே என்று எங்கே ஒரு கண் வாசலைப் பார்க்கிறதோ, அதுவே வீடு. தகரப் பெட்டியில் நம் சாவியைக் காத்து வைத்தவருக்கும் நம்மீது உரிமை உண்டு. எப்பம் வாரீய என்று கேட்டவருக்கும் உரிமை உண்டு.

குடியேறிய தமிழரிடம் இரண்டு வகைக் குறை காணப்படுவதுண்டு. வாழும் நகரத்தைச் சத்திரம் என்றே எண்ணி, முப்பது ஆண்டு கழிந்த பின்னும் அண்டை வீட்டாரின் மொழியில் நலம் விசாரிக்கக் கற்காமல், எல்லா அன்பையும் ஊருக்கென்று மூட்டை கட்டி வைப்பது ஒரு வகை. பிள்ளைகள் இங்கேயே வேர்விட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு, ஊரிலுள்ள முதியவர்களுக்குப் பணத்தை மட்டும் அனுப்பி, நம்மை அனுப்பாமல் இருந்துவிடுவது மற்றொரு வகை. முதல் வகையினரின் பிள்ளைகள் பிறந்த நகரத்திலேயே விருந்தாளிகளாக வளர்கிறார்கள். இரண்டாம் வகையினரின் பெற்றோர் சொந்த வீட்டிலேயே தனியராக முதுமை அடைகிறார்கள். இரண்டையும் தவிர்க்க இயலும். வடக்கே ஒரு கோடையைக் கொடுத்தால், தெற்கே ஒரு குளிர்காலத்தைக் கொடுக்கலாம். தில்லிப் பள்ளிகளுக்குச் சனவரியின் தொடக்கத்தில் விடுமுறை உண்டு. அதற்கென்று கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் விரைவு வண்டியில் இடம் பிடிக்கும் நாளைப் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்திருக்கிறோம்.

நேயர்களே, உங்களில் பலர் வரும் ஆண்டுகளில் இமயத்தின் பக்கம் போகக்கூடும். கட்டாயம் போய் வாருங்கள். மேலே ஏறும்போது உடம்பு பழக நாள் கொடுங்கள். இறங்கும்போதும் அவசரப்படாமல் இறங்குங்கள். கொண்டு போன நெகிழிப் புட்டிகளையும் உறைகளையும் அந்த ஏரிக்கரைகளில் விட்டுவிடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். சாலையில் கல் உடைப்பவரிடம் நின்று இரண்டு சொல் பேசுங்கள்; அவரும் நம்மைப்போல வெளியூர் பிழைக்க வந்தவரே. லேயில் உலர்ந்த பாதாமிப் பழம் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கும்போது இரண்டு பொட்டலமாக வாங்குங்கள். ஒன்று நம் சாவியை வைத்திருந்தவருக்கு. மற்றொன்றைப் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்த ரயிலில் ஊருக்குக் கொண்டு போங்கள். உலர்ந்த பழம் ஆகையால் ஆறு மாதம் வரையில் கெடாது. அதற்குமேல் காக்க வைப்பது நல்லதன்று.